அந்த வண்டியை ஓட்டியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு பதிப்பில் ‘சிவில் வார்’ திரைப்படத்தைப் பற்றி வெளிவந்த விமர்சனத்தைப் படித்தேன். அலெக்ஸ் கார்லண்ட் இயக்கி 2024-இல் வெளிவந்த அந்தப் படத்தின் ஒலியையும் ஒளிப்பதிவையும் விமர்சகர் பாராட்டியிருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், போர்முனைச் செய்தியாளரின் வாழ்க்கையை உள்ளது உள்ளபடி காட்டும் படம் என்று அவர் தீர்ப்பு வழங்கியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. செய்தித்தாள் பக்க வடிவமைப்பில் என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக ஓரிரு வரிகள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, டெக்சாசும் கலிபோர்னியாவும் கைகோத்த படை தலைநகர் வாஷிங்டனை நெருங்கிக்கொண்டிருக்கிறது. நகரம் விழுவதற்குள் அதிபரைப் பேட்டி கண்டுவிட வேண்டும் என்று நியூயார்க்கிலிருந்து நால்வர் ஒரே வண்டியில் கிளம்புகிறார்கள். பெயர் பெற்ற புகைப்படக்காரர் லீ, அவருடன் பணியாற்றும் நிருபர் ஜோயல், நடையே தளர்ந்துவிட்ட வயதிலும் தொழிலை விடாத சாமி, லீயைப் போல் ஆக வேண்டும் என்ற ஆசையில் வந்து ஒட்டிக்கொள்ளும் இளம்பெண் ஜெஸ்ஸி ஆகியோரே அவர்கள்.

இந்த வண்டியில் யார் இல்லை என்பதைத்தான் நான் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். சொந்த நாட்டுப் போர் என்பதால் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை; வண்டியையும் அவர்களே ஓட்டிக்கொள்கிறார்கள். கதைக்கு இது பொருந்துகிறது. பிறர் நாட்டுச் சாவுகளைப் படமெடுத்துப் பழகிய கண்களைத் தங்கள் நாட்டுப் பக்கமே திருப்பிவிட்டதை இயக்குநரின் சாமர்த்தியம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் உண்மையான போர்முனைகளில் வெளியூர்ச் செய்தியாளர் எவரும் இப்படிப் பயணம் செய்வது அரிது. எந்தச் சோதனைச் சாவடி யார் கையில் இருக்கிறது, அங்கே எந்த மொழியில் பேச்சைத் தொடங்க வேண்டும், எத்தனை மணிக்குள் திரும்பிவிட வேண்டும், பட்டப்பகலில் ஒரு கடைத்தெரு வெறிச்சோடிக் கிடந்தால் அதற்கு என்ன பொருள் என்பதையெல்லாம் அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் முன் இருக்கையில் இருப்பார். செய்தித் தொழிலில் அவரை ‘ஃபிக்சர்’ என்பார்கள். பல நேரங்களில் அவரே மொழிபெயர்ப்பாளர், அவரே ஓட்டுநர்.

2007 மார்ச் மாதம் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாநிலத்தில் இத்தாலியச் செய்தியாளர் டேனியலே மாஸ்த்ரோஜாக்கொமோ, மொழிபெயர்ப்பாளர் அஜ்மல் நக்‌ஷபந்தி, ஓட்டுநர் சையது ஆகா ஆகிய மூவரையும் தாலிபான்கள் ஒன்றாகக் கடத்திச் சென்றார்கள். ஓட்டுநரை முதலில் தலையை வெட்டிக் கொன்றார்கள். இத்தாலியச் செய்தியாளரோ, சிறையிலிருந்த தாலிபான்கள் ஐவர் விடுவிக்கப்பட்டதற்கு ஈடாக உயிருடன் திரும்பினார். நக்‌ஷபந்திக்காக அப்படி எவரும் விடுவிக்கப்படவில்லை. ஏப்ரலில் அவரும் கொல்லப்பட்டார். ஒரே வண்டியில் ஒரே செய்திக்காகச் சென்ற மூவரில் யாருடைய உயிருக்கு என்ன விலை என்பதைக் கடத்தியவர்களும் அறிந்திருந்தார்கள், மீட்கப் பேசியவர்களும் அறிந்திருந்தார்கள்.

2009 செப்டம்பரில் குந்தூஸ் பகுதியில் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஸ்டீபன் ஃபாரெல்லுடன் கடத்தப்பட்ட ஆப்கானியச் செய்தியாளர் சுல்தான் முனாடி, பிரிட்டிஷ் படையினரின் மீட்பு நடவடிக்கையின்போது சுடப்பட்டு இறந்தார். ஃபாரெல் உயிர் தப்பினார். அதே ஃபாரெல் உட்பட அந்நாளிதழின் நால்வர் 2011 மார்ச்சில் லிபியாவில் அரசுப் படையினரிடம் பிடிபட்டுச் சில நாட்களில் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களை ஏற்றிச் சென்ற முகம்மது என்ற இளம் ஓட்டுநர் வீடு திரும்பவில்லை.

இந்தப் பின்னணியில் பார்த்தால், விமர்சகர் மிகவும் வியந்து எழுதியிருக்கும் அந்தப் புதைகுழிக் காட்சி எனக்கு வேறுவிதமாகத் தெரிகிறது. வழியில் ஜோயலின் நண்பர்களான இரு செய்தியாளர்கள் இன்னொரு வண்டியில் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். இருவருமே ஆசிய முகம் கொண்டவர்கள். சிவப்புக் கண்ணாடி அணிந்த ஆயுததாரி ஒருவன், நீ எந்த வகை அமெரிக்கன் என்று ஒவ்வொருவரையும் கேட்கிறான். மிசூரி, கொலராடோ என்று சொன்னவர்கள் பிழைக்கிறார்கள்; ஹாங்காங் என்று சொன்னவர் சுடப்படுகிறார். அவருடைய தோழருக்கோ அந்தக் கேள்விகூடக் கேட்கப்படவில்லை, அதற்கு முன்பே சுட்டுவிடுகிறார்கள். அடையாள அட்டையில் ஊரும் இனமும் எழுதிய காலத்தை அறிந்த நம் போன்றோருக்கு அந்தக் கேள்வி நடுக்கத்தைத் தரும் என்பது உண்மைதான். ஆனால் வழியில் வந்து சேர்ந்த அந்த இருவரைப் பற்றிப் படம் நமக்கு என்ன சொன்னது? பெயரைத் தவிர ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்தக் காட்சியில் நண்பர்களைக் காப்பாற்றப் போய்க் குண்டடிபட்டு இறக்கும் சாமிக்காகப் படம் நின்று நிதானித்துத் துக்கம் காக்கிறது. லீ தான் எடுத்த அவருடைய பிணத்தின் படத்தைத் தன் கையாலேயே அழிக்கிறார். மற்ற இருவருக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. நிஜ வாழ்வில் ஃபிக்சர்களுக்கு நேர்வதைத் தன்னை அறியாமலே கார்லண்ட் இங்கே படமாக்கிவிட்டார் என்பது என் எண்ணம்.

சாமியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் குழியருகே போக வேண்டாம், அவர்கள் பிறர் பார்க்கக்கூடாத காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று எச்சரிப்பவர் அவர் ஒருவரே. ஃபிக்சரின் வேலையை ஓரளவாவது செய்பவர் அந்த வண்டியில் அவர்தான். அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை.

இது வெகுதொலைவிலுள்ள விவகாரம் என்று நம் வாசகர்கள் நினைக்கத் தேவையில்லை. 2011-இல் சோமாலியாவில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது மலேசியாவிலிருந்து புத்ரா 1மலேசியா மன்றத்தின் நிவாரணக் குழுவுடன் செய்தியாளர்களும் அதன் தலைநகர் மொகாடிஷு சென்றார்கள். செப்டம்பர் 2-ஆம் தேதி அவர்கள் சென்ற வண்டியின் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததில் பெர்னாமா தொலைக்காட்சியின் ஒளிப்பதிவாளர் நோராம்பைசுல் முகமட் நோர் உயிரிழந்தார். டிவி3 செய்தியாளர் ஒருவர் காயமடைந்தார். சுட்டவர்கள் கிளர்ச்சியாளர்கள் அல்லர், ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைதிப் படையினர் என்பது பின்னர் தெரியவந்தது. தன்னார்வலர்களும் செய்தியாளர்களுமாக, முன்பின் பழகாதவர்கள் ஒன்றாகப் போர்முனையில் பயணம் செய்யும் கதைக்கு நம் நாட்டிலேயே இப்படியோர் உண்மை நிகழ்வு இருக்க, தங்கள் விமர்சகர் அதை ஒரு வரியிலாவது குறிப்பிட்டிருக்கலாம்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். 2001 ஏப்ரலில் இலங்கையின் வன்னியிலிருந்து இரவோடிரவாக அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் கடக்கும்போது போர்முனைச் செய்தியாளர் மேரி கால்வின் தாக்கப்பட்டு இடக்கண் பார்வையை இழந்தார். 2012-இல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் அவர் கொல்லப்பட்டபோது உலகமே அஞ்சலி செலுத்தியது, அது தகும். அந்த இருட்டில் அவருக்கு வழிகாட்டி வந்த தமிழர்களின் பெயரை அவரைப் பற்றிய செய்திகளில் நான் கண்டதில்லை. இறுதிப் போரின்போது சுதந்திரமான வெளியூர்ச் செய்தியாளர்கள் வன்னிக்குள் அனுமதிக்கப்படவே இல்லை. இன்று காசாவிலும் அதே நிலைதான். 2023 அக்டோபருக்குப் பின் இஸ்ரேலிய ராணுவத்தின் துணையோடு அன்றி வெளிநாட்டுச் செய்தியாளர்கள் உள்ளே செல்ல முடியாததால், நாம் காணும் படங்கள் பெரும்பாலும் அங்கேயே பிறந்து அங்கேயே பசியிலும் குண்டுவீச்சிலும் வாழ்பவர்கள் எடுத்தவை. கான் யூனிஸ் நாசர் மருத்துவமனையில் 2025 ஆகஸ்ட் 25-ஆம் தேதி கொல்லப்பட்ட செய்தியாளர்கள் ஐவருள் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்குப் பணியாற்றிய ஹுசாம் அல்-மஸ்ரியும் ஏபி செய்தி நிறுவனத்துக்குப் பணியாற்றிய மரியம் தக்காவும் அடங்குவர். படத்து லீயாவது கொலராடோவிலுள்ள குடும்பத்தாரிடம் திரும்பிப் போயிருக்கலாம். இவர்களுக்கு அப்படியொரு வழி இருக்கவில்லை.

போர்ச் செய்தியாளர்களைக் காக்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2006-இல் நிறைவேற்றிய 1738-ஆம் தீர்மானம் அவர்களுடன் பணிபுரியும் துணைப் பணியாளர்களையும் சேர்த்தே பேசுகிறது. தீர்மானம் காட்டும் அந்த அக்கறையைச் சினிமாவும் காட்டவில்லை, செய்தித்தாள்களும் போதிய அளவு காட்டுவதில்லை.

எனவே, தங்களிடம் ஒரு வேண்டுகோள். போர்ப் படங்களை வெளியிடும்போது ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி, ஏபி என்று நிறுவனத்தின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். எடுத்தவரின் பெயரும் படத்துடன்தான் வருகிறது. பக்கத்தில் இடமில்லை என்று நாம்தான் வெட்டிவிடுகிறோம். எட்டுப் புள்ளி எழுத்தில் ஒரு வரி போட எந்தப் பக்கத்திலும் இடமுண்டு என்பதைத் தங்கள் பக்க வடிவமைப்பாளர்களும் அறிவார்கள். வரும் செப்டம்பர் 2-ஆம் தேதி நோராம்பைசுலைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிடுவது குறித்தும் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பக்க வடிவமைப்பாளர்,
செந்தூல், கோலாலம்பூர்.