மணல் கொண்டு வந்த மேஸ்திரிக்கும், ஓடி வந்த எல்லோருக்கும்

வியாசர்பாடி மக்களுக்கு வணக்கம்.

பழைய போன், கம்ப்யூட்டர் சாமான்கள் வாங்கும் எங்கள் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பேட்டரி தீப்பிடித்தது தெருவுக்கே தெரியும். கொட்டகை நிற்கிறது, ஒருவருக்கும் காயமில்லை. தீயணைப்பு வீரர்களுக்கும், வண்டிகளை நகர்த்தி வழிவிட்ட ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்மார்களுக்கும், மறுநாள் கரி அள்ளிய பிள்ளைகளுக்கும் கைகூப்பி நன்றி. குடம் குடமாகத் தண்ணீர் கொண்டு வந்த அக்காமார்களே, தீ அணைந்த பிறகும் விடாமல் ஊற்றினீர்களே, அதுதான் காப்பாற்றியது. லித்தியம் பேட்டரியில் தீ அடங்கினாலும் உள்ளே சூடு இருக்கும். மணிக்கணக்கு கழித்தும் மறுபடி பற்றும். மணல் தீ பரவாமல் தடுக்கும், சூட்டைத் தணிக்காது. அதற்குத் தண்ணீர்தான், அதுவும் நிறைய.

மணல் என்றதும் பக்கத்து மனையில் வீடு கட்டும் மேஸ்திரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. செவ்வாய்க்கிழமை காலையில் யாரும் கேட்காமலே இரண்டு மூட்டை மணலும் சல்லடையுமாக வந்து நின்றார். "காசிமேட்டுப் பக்கம் போய் கடல் மணலை அள்ளிடாதீங்க. உப்பு ஈரத்தை இழுக்கும், தகடு துருப்பிடிச்சுடும்" என்றார். சலித்த மணலைத் தார்ப்பாயில் பரப்பி, நாள் முழுக்க வெயிலில் கிளறினார். சாயங்காலம் ஒரு பிடி எடுத்து இறுக்கிக் கையை விரித்தார். பிடித்த பிடி நிற்காமல் பொலபொலவென்று உதிர்ந்தது. "இப்ப போடலாம்." பஜ்ஜிக் கடையில் வாங்கிய 15 கிலோ எண்ணெய் டின்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, மேல் தகட்டை வெட்டி, கையைக் கிழிக்காதபடி விளிம்பை மடித்துத் தட்டியதும் அவர்தான். கூலி வாங்கவில்லை.

அந்த டின்னில்தான் இனி எல்லாப் பேட்டரியும். அடியில் மூன்று விரல் கனம் மணல். இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டிய பேட்டரிகள், ஒன்றையொன்று தொடாமல், டின் சுவரிலும் படாமல். மேலே மறுபடி மணல். இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். உப்பிய பேட்டரியில் வாயு வரும், அதனால் மூடியை இறுக்காமல் சும்மா வைக்க வேண்டும். குத்தவோ அமுக்கவோ கூடவே கூடாது.

ஆன் ஆகாத போன்தானே என்று நினைக்காதீர்கள். அதன் பேட்டரியிலும் மின்சாரம் மிச்சம் இருக்கும். மூட்டைக்குள் ஒரு ஸ்க்ரூ இரண்டு முனையையும் தொட்டால் போதும், தீப்பிடித்துவிடும். மேலே பழைய மானிட்டரோ யுபிஎஸ்ஸோ அழுத்தினால் உள்ளிருக்கும் மெல்லிய தடுப்பு கிழிந்து தானே சூடேறும்.

ஆகவே பேட்டரியும் மற்ற சாமானும் கலந்த மூட்டையை இனி வாங்க மாட்டோம். காயலாங்கடை அண்ணன்மார்களே, பேட்டரியைத் தனியாகக் கொடுங்கள். டேப் நாங்கள் தருகிறோம். டின் நிறையும்வரை காத்திருக்காமல், வாராவாரம் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் அனுப்பிவிடுவோம்.

மேஸ்திரி அண்ணே, அரை மூட்டை மணல் மீதி இருக்கிறது, மழை படாமல் வைத்திருக்கிறோம். சல்லடையை மட்டும் நாளைக் காலை பூச்சு வேலை தொடங்குமுன் கொண்டு வந்து தருகிறோம்.