இரண்டு எஞ்சினையும் மாற்றிய கதை

குன்னூரில் எங்களுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு மாடி அறை, மூன்று பேர், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஹீட்டர். ஹீட்டர் எங்களுக்கில்லை, ஈரத்தில் கெட்டுப்போகும் ஹார்ட் டிஸ்க்குக்கு. அப்படித் தொடங்கிய எங்கள் கேம் ஸ்டுடியோவின் முதல் விளையாட்டு, நம்ம நீலகிரி மலை ரயிலை வைத்துச் செய்தது, ஆறு வருஷம் கழித்துப் போன வாரம் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வெளியாகிவிட்டது. "நீராவி ரயிலை ஸ்டீம்ல விக்கறீங்களா?" என்று கேலி செய்தவர்களுக்கும் நன்றி. அதையே விளம்பரமாக்கிவிட்டோம்.

நீராவி எஞ்சினில் நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஃபயர்மேனாக இருந்து ரிடையர் ஆன எங்கள் தெருத் தாத்தாவிடம்தான் முதல் டெமோவைக் காட்டினோம். அடிவாரத்துக் கல்லாறிலிருந்து ரயில் மலையேறுகிறது, முன்னால் எஞ்சின் புகை கக்கிக்கொண்டு போகிறது. தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். "எஞ்சின் எதுக்குப்பா முன்னாடி போகுது?"

தினமும் அந்த ரயில் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஏறும்போது எஞ்சின் கீழே இருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும் என்பது மூன்று பேருக்கும் உறைக்கவில்லை. மானம் போயிற்று.

அப்புறம் சாயங்காலம்தோறும் பாடம். எஞ்சினுக்கு நாலு சிலிண்டர். அதில் இரண்டு சாதாரணச் சக்கரத்தை ஓட்டும். அங்கே வேலை முடித்த நீராவி மற்ற இரண்டுக்குப் போய், தண்டவாளத்துக்கு நடுவிலுள்ள பற்களைப் பிடித்து ஏறும் பல்சக்கரத்தைச் சுழற்றும். பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறுகிற பாதை அது. பெட்டிகளில் பிரேக்ஸ்மேன், கையில் கொடி. பின்னால் இருக்கும் டிரைவருக்கு முன்பெட்டிக்காரரின் கொடிதான் கண். விளையாட்டையே கலைத்துப் போட்டோம்: இப்போது ஆடுபவர் டிரைவர் இல்லை, அந்தக் கொடிக்காரர்.

அடுத்து, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கேம் எஞ்சின், அதாவது விளையாட்டை ஓட்டும் மென்பொருள். நாங்கள் நம்பியிருந்த நிறுவனம் திடீரென்று கட்டண விதியை மாற்றப்போவதாக அறிவிக்க, கோடோ என்ற இன்னொரு கேம் எஞ்சினுக்குத் தாவினோம். அர்ஜென்டினாக்காரர்களான ஹுவான் லினியெட்ஸ்கியும் ஏரியல் மன்சூரும் உருவாக்கி 2014இல் ஓப்பன் சோர்ஸாக, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளும்படி, கொடுத்தது, ராயல்டி கிடையாது. புரோகிராம் முழுவதையும் மறுபடி எழுத பதினோரு மாதம் ஆனது. லீவுக்கு வந்த கோயம்புத்தூர்த் தங்கை ஒருத்தி பனிமூட்டத்தை மட்டும் நான்கு நாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆடுகிறவர்கள் முதலில் புகழ்வது அதைத்தான். கொஞ்சம் பொறாமை உண்டு.

ரயில் தண்ணீர் பிடிக்க நிற்கும் ஹில்குரோவில் ஒலிப்பதிவு செய்யப் போனபோது, மைக்கின் பஞ்சு உறையைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு மரமேறிவிட்டது. காற்று இரைச்சலில் ஒன்றும் தேறாது என்று நின்றோம். டீ விற்ற அண்ணன் தலையிலிருந்த மங்கி குல்லாவைக் கழற்றி மைக்குக்கு மாட்டிவிட்டார். நீங்கள் கேட்கும் பல்சக்கரச் சத்தம் முழுக்க அந்தக் கம்பளி வழியாக வந்ததுதான். குல்லாவைத் திருப்பித் தரவில்லை, மன்னிக்கணும்ணா.

ஏழு மாத வாடகையைக் கேட்காமலிருந்த வீட்டுக்கார அக்காவுக்குப் பாக்கி தீர்ந்துவிட்டது. டீயும் வர்க்கியும் வாங்கிய கடையின் நோட்டில் இன்னும் 1,140 ரூபாய் இருக்கிறது. ஸ்டீம் பணம் வந்ததும் முதல் வேலை அதுதான்.