தேர்வு நாள் காலையில் ஆள் தேடாதீர்கள்

மதிப்பிற்குரிய தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகச் சமவாய்ப்பு மையத்தில் பகுதிநேரமாகப் பணிபுரியும் ஆய்வு மாணவர்கள் எழுதுவது. சென்ற வாரம் வந்த சுற்றறிக்கையைப் படித்தோம். ஸ்கிரைப், அதாவது தாம் சொல்லச் சொல்ல விடையை எழுதித் தருபவர், தேவைப்படும் மாற்றுத்திறனாளி மாணவர்கள் தேர்வு நாளன்று காலை 9.30 மணிக்கு உரிய சான்றுகளுடன் அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டுமாம். தேர்வு 10 மணிக்கு. போன பருவத்தில் இதே ஏற்பாட்டால் என்ன ஆனது என்பது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். யாருக்கு யார் எழுதப்போகிறார் என்ற பட்டியலைத் தேர்வு அட்டவணையோடு சேர்த்து வெளியிடுங்கள். மாணவரும் எழுதுபவரும் இரண்டு நாள் முன்னதாகச் சந்திக்க விடுங்கள்.

இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஸ்கிரைப் வசதியையும் கூடுதல் நேரத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் 29 வழிகாட்டுதலிலேயே அந்த இரண்டு நாள் முன்சந்திப்பும் இருந்தது. விண்ணப்பம் நிரப்பும்போதே தேவையைப் பதிந்துகொள்ளவும் அது சொல்லியிருந்தது. நம் தேர்வுக் கட்டணப் படிவத்திலும் அதற்கொரு கட்டம் உண்டு; மாணவர்கள் டிக் அடித்துத்தான் கொடுக்கிறார்கள். அந்த டிக் படிவத்திலிருந்து கிளம்பி உங்கள் மேசைக்கு வந்துசேர இரண்டு மாதம் போதவில்லையா, ஐயா?

கையெழுத்து நன்றாக இருந்தால் யாரும் எழுதலாம் என்ற எண்ணத்தில்தான் கோளாறே தொடங்குகிறது. 75 மதிப்பெண் தாளை எடுத்துக்கொள்வோம். முதல் பகுதியில் பத்துக் கேள்வி, அடுத்ததில் 'அல்லது' போட்ட ஐந்து ஜோடி, கடைசியில் ஐந்து. மொத்தம் 25. கண் தெரிந்தவர் ஒரு புரட்டுப் புரட்டி வேண்டியதைப் பொறுக்கிக்கொள்வார். பார்வையற்றவருக்கு 25ஐயும் வாசிக்க வேண்டும், ஜோடிக் கேள்விகளைப் பெரும்பாலும் இரண்டு முறை. பிறகுதான் பேச்சுக்கும் கைக்கும் தாளம் சேர வேண்டும். வாயின் வேகம் கைக்கு வராது. மாணவர் ஆறேழு சொல்லாக உடைத்துச் சொல்ல வேண்டும். எழுதுபவர் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லி, "ம்" கொடுக்க வேண்டும். அது பழகாத ஜோடியில் எழுதுபவர் வாக்கியத்துக்கு இரண்டு முறை "என்ன சொன்னீங்க?" என்பார், மாணவருக்கு அடுத்த வரி மறந்துபோகும். மணிக்கு 20 நிமிடம் வீதம் 3 மணி நேரத் தேர்வுக்குத் தருகிற கூடுதல் 60 நிமிடம் இதிலேயே கரைந்துவிடுகிறது.

எம்.ஏ. தமிழ் மாணவருக்கு, பள்ளியில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்தவரை உட்கார வைத்தால் என்ன நடக்கும்? "நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா" என்று மாணவர் பிழையில்லாமல் அலகிடுவார். தாளில் அசை ஒரு பக்கம், வாய்பாடு ஒரு பக்கம் கிடக்கும். வாயில் ஒலித்த ழகரம் லகரமாக இறங்கும். அழுத்திச் சொன்ன ஒற்று காணாமல் போகும். விடைத்தாள் திருத்துபவருக்கு அது மாணவரின் பிழை. மதிப்பெண் அவருக்குத்தான் குறையும்.

பெருமூளை வாதம் உள்ள மாணவர் பாடு இன்னும் கஷ்டம். அவர்களில் பலரின் பேச்சு புதுக் காதுக்கு எளிதில் பிடிபடாது. அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து பேசினால் எந்த எழுத்து எப்படி ஒலிக்கிறது என்று பெரும்பாலும் விளங்கிவிடும். அந்த அரை மணி நேரத்தைத் தேர்வறையில், கடிகாரம் ஓட ஓடக் கழிக்கச் சொல்கிறது உங்கள் சுற்றறிக்கை.

எழுதுபவரின் கல்வித் தகுதிக்கு மேல்வரம்பு உண்டு. முறைகேடு நடக்கக் கூடாது என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தகுதி குறைந்திருப்பது வேறு, பாடத்தின் வாசனையே அறியாதிருப்பது வேறு. பி.ஏ. தமிழ் இரண்டாமாண்டு மாணவர் எம்.ஏ. தாளை எழுதினால் விதியும் மீறப்படாது, சீரும் சிதையாது. அப்படிப்பட்டவரைக் காலை 9.40க்கு வராந்தாவில் பிடிக்க முடியாது. முன்கூட்டியே பட்டியல் இருந்தால்தான் முடியும்.

அட்டவணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலைத் தேர்வு 1 மணிக்கு முடிகிறது. கூடுதல் நேரத்தோடு 2 மணி. அரியர் வைத்திருக்கும் மாணவருக்கு அடுத்த தாள் அதே 2 மணிக்கு. சாப்பாடு எப்போது, கழிவறை எப்போது?

எழுதுவது இருக்கட்டும், படிக்க என்ன கொடுத்திருக்கிறோம்? துறைகள் அனுப்பும் பாடக்குறிப்புகளில் பல இன்னும் பழைய எழுத்துருக்களில் வருகின்றன. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் பாமினியில் தட்டிய 'அம்மா'வை, திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் "எம் கே, கே எச்" என்பதுபோல எதையோ உளறும். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றி, பிழை பார்த்துக் கொடுப்பதற்குள் பருவம் பாதி ஓடிவிடுகிறது. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாள் வந்தால் மட்டும் பொன்னாடைக்குக் குறைவில்லை. அந்த மேடைக்கு ஏறப் படிக்கட்டுதான் உண்டு, சாய்தளம் இல்லை என்பதைப் பொன்னாடை போர்த்த வந்த யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மன்னிக்கவும், இவை உங்கள் பொறுப்பில் வருபவை அல்ல. பட்டியல் உங்கள் பொறுப்பு. பாடவாரியாக எழுத முன்வந்துள்ள இளங்கலை மாணவர்களின் பெயர், வகுப்பு, எழுதத் தெரிந்த மொழி எல்லாம் தொகுத்து இம்மடலோடு உங்கள் அலுவலகத்தில் சேர்த்திருக்கிறோம். ஒருவர் வராமல் போனால் மாற்றாள் யார் என்பதும் அதில் உண்டு. அட்டவணை வெளியாகும் அன்றே அதையும் ஒப்புதலோடு வெளியிடுமாறும், 9.30 மணிச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவ உதவியாளர்கள்,
சமவாய்ப்பு மையம்