உன் தியரிக்கு அப்பாவின் பதில்

அன்புள்ள அம்முவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ இவ்வளவு நீளமாக எழுதி வெகு நாளாயிற்று. அதில் முக்கால்வாசி, ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ புத்தகத் தொடரில் வரும் இளம் கிரிஃப் உண்மையில் யார் பிள்ளை என்ற உன் தியரி, அதாவது துப்புகளை வைத்து நீ கட்டிய ஊகம்தான். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு வரி. பரவாயில்லை. நீ எதில் மூழ்கிக் கிடக்கிறாய் என்று தெரிந்தாலே போதும், நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குப் புரிந்துவிடும்.

கடைசிப் பத்தியில் மட்டும் உன் குரல் தாழ்ந்துவிட்டது. வேலை செய்யும் இடத்தில் யாரோ, “இந்த வயசுல கதையில வர்றவனுக்கு அப்பன் யாருன்னு தேடிட்டு இருக்கியா?” என்று கேட்டார்களாம். அன்றிலிருந்து இதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும்தான் உட்கார்ந்து பதில் எழுதத் தோன்றியது. தேடு அம்மு, கூச்சப்படாமல் தேடு. இதை எழுதியவர் எதையும் சும்மா வைத்திருக்க மாட்டார் என்று நம்பி ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நல்ல வாசிப்பு எனக்குத் தெரியாது.

ஜான் ஸ்னோவையே எடுத்துக்கொள். அந்தத் தொடரின் முதல் புத்தகம், ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’, 1996-இல் வந்தது. ஜான், எட்டார்ட் ஸ்டார்க் திருமணத்துக்கு வெளியே பெற்ற மகன் என்று கதையில் எல்லோரும் சொல்கிறார்கள். அவரும் மறுப்பதில்லை. ஆனால் அவர் மனசுக்குள் கதை போகும்போதெல்லாம் வேறு எதுவோ உறுத்துகிறது. செத்துப்போன தங்கை லியானா நினைவுக்கு வருகிறாள். ரத்தம் தோய்ந்த படுக்கை. வாக்குக் கொடு என்று அவள் கெஞ்சியது. அவள் கையிலிருந்து உதிர்ந்த கருகிய ரோஜா இதழ்கள். என்ன வாக்கு என்பதை மட்டும் மார்ட்டின் சொல்வதே இல்லை. அப்புறம் வேறோர் இடத்தில், இளவரசன் ரேகார் போட்டியில் ஜெயித்துவிட்டு, தன் மனைவியைத் தாண்டிக் குதிரையை ஓட்டிப்போய், லியானாவின் மடியில் ஒரு மலர்வளையத்தை வைக்கிறான். அது நீல ரோஜா.

போர் முடிந்து எட்டார்ட் வீடு திரும்பும்போது கூடவே ஒரு கைக்குழந்தை. வாசகர்கள் இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். ஜான் அவர் மகன் இல்லை, லியானாவுக்கும் ரேகாருக்கும் பிறந்தவன் என்று அடுத்த ஆண்டே பேச ஆரம்பித்துவிட்டார்கள். 1998-இல் இரண்டாம் புத்தகம் வந்தது. அதில் ரேகாரின் தங்கை டேனெரிஸுக்கு ஒரு காட்சி தெரிகிறது: பனிச்சுவரின் விரிசலில் பூத்திருக்கும் ஒரு நீலப் பூ. அந்த நேரத்தில் ஜான் பணிக்குச் சேர்ந்திருக்கும் இடம் எது? பனியால் எழுப்பிய அந்தப் பெருஞ்சுவர். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தக் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்க வந்த பெனியாஃப், வைஸ் இருவரிடமும் மார்ட்டின் கேட்டது, ஜானின் அம்மா யார் என்றுதான். அவர்களும் படித்ததை வைத்து ஊகித்தே பதில் சொன்னார்கள். 2016-இல் தொடர் அதை வெளிப்படையாகக் காட்டியபோது, அந்தத் தியரிக்குக் கிட்டத்தட்ட இருபது வயது. புத்தகத்திலோ இன்றுவரை அதை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. சாதாரண வாசகர்கள் கண்டுபிடித்தது அது. உன்னைக் கேள்வி கேட்டவரிடம் இதைச் சொல்.

ஹாரி பாட்டரிலும் இப்படி ஒன்று உண்டு. 2005-இல் வந்த ஆறாம் புத்தகத்தின் கடைசியில் ஒரு போலி லாக்கெட்டுக்குள், உண்மையானதை நான் திருடிவிட்டேன் என்று எழுதி ஆர்.ஏ.பி. என்று கையெழுத்திட்ட ஒரு சீட்டு கிடைக்கும். வாசகர்கள் முந்தைய புத்தகத்துக்குத் திரும்பிப் போய், ஒரு பழைய வீட்டைச் சுத்தம் செய்யும் இடத்தில், யாராலும் திறக்க முடியாத கனமான லாக்கெட் என்று போகிற போக்கில் வரும் வரியைப் பிடித்துவிட்டார்கள். 2007-இல் அது சரி என்று ஆனது. அந்த ஒரு வரியை முதல் தடவை படித்தபோது கவனித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இந்த இரண்டு தியரியிலும் எனக்குப் பிடித்தது, அவை சரியாகப் போனது மட்டும் இல்லை. இரண்டுமே தோற்றுப்போக வாய்ப்பு இருந்தது. அடுத்த புத்தகத்தில் ஜானின் அம்மா உயிரோடு வந்து நின்றிருந்தால் கதை முடிந்திருக்கும். ‘இது தப்பாக இருந்தால் எதை வைத்துத் தெரிந்துகொள்வேன்?’ என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் தியரியைத்தான் நான் நம்புவேன். நீயும் அப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஏனென்றால் அந்தப் பதில் இல்லாத தியரி எதையும் விழுங்கிவிடும். பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி கார் விபத்தில் செத்துப்போய்விட்டார் என்ற கதை உனக்குத் தெரியும். 1969 அக்டோபரில் டெட்ராய்ட்டின் வானொலி நிலையம் ஒன்றுக்கு யாரோ ஃபோன் செய்து, பீட்டில்ஸ் பாட்டுகளைத் தலைகீழாக ஓட்டினால் குறிப்புகள் கேட்கின்றன என்றார். இரண்டு நாள் கழித்து மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையில் ஃப்ரெட் லபூர் என்பவர் ‘அபே ரோடு’ ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதினார். அதில் துப்புகள் வரிசையாக இருந்தன. அட்டையில் பால் மட்டும் செருப்பில்லாமல் நடக்கிறார், அதனால் அவர் பிணம். பாலுக்குப் பதிலாக நடிப்பவர் பெயர் வில்லியம் கேம்பல். அந்தப் பெயர் உட்படப் பலவற்றை லபூர் தானே கற்பனை செய்தார். பிற்பாடு அவரே அதைச் சொன்னார். அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது.

அட்டையில் ஓரமாக நிற்கும் காரின் நம்பர் பிளேட்டில் ‘28ஐஎஃப்’ என்று இருக்கிறது. ‘ஐஎஃப்’பை ஆங்கில ‘இஃப்’ என்று படித்து, உயிரோடிருந்தால் 28 வயது என்று அதற்கு அர்த்தம் சொன்னார்கள். கணக்குப் போட்டால் அப்போது அவருக்கு 27தான். உடனே, கருவில் இருந்த மாதங்களையும் சேர்க்க வேண்டும் என்றார்கள்! நவம்பரில் ‘லைஃப்’ பத்திரிகை பாலைக் குடும்பத்தோடு படம் பிடித்து அட்டையில் போட்டது. சரி, முடிந்தது என்றுதானே நினைப்பாய்? அட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்க விளம்பரத்தில் இருக்கும் கார் அவர் மேல் தெரிகிறது, அதனால் அவர் கார் விபத்தில் செத்தது உண்மை என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மனிதர் நான் உயிரோடு இருக்கிறேன் என்று வந்து நின்றாலும் போதாது என்றால், அந்தத் தேடலில் பாட்டும் இல்லை, பாடியவரும் இல்லை.

பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் ரசிகர்கள் மாட்டிக்கொண்ட ‘வுட்வேல்’ விவகாரம் இந்த அளவுக்குப் போகவில்லை. போகாததற்குக் காரணம் ஸ்விஃப்ட்தான். 2006-இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்தே பாட்டுப் புத்தகத்தில் தப்பான இடத்தில் பெரிய எழுத்துகளைப் போட்டு, அவற்றைக் கோத்தால் ஒரு செய்தி வருகிற மாதிரி வைத்தவர் அவர். ரசிகர்களைத் துப்பறியப் பழக்கியதே அவர்தான். 2020-இல் ‘ஃபோக்லோர்’ வந்தது, ஐந்தே மாதத்தில் ‘எவர்மோர்’ வந்தது. முந்தைய ஆல்பத்தின் ஒரு பதிப்பு அட்டையில், மரங்களுக்கு நடுவே மங்கலாக ‘வுட்வேல்’ என்ற சொல். மூன்றாவது ஆல்பம் வரப்போகிறது, அதன் பெயர் இதுதான் என்று ரசிகர்கள் நம்பிவிட்டார்கள். பழக்கப்பட்ட கண்ணுக்கு அது நியாயமான ஊகம்தான். டிசம்பரில் ஒரு நிகழ்ச்சியில் அவரே விளக்கினார். ஆல்பத்தின் பெயர் வெளியே கசிந்துவிடுமோ என்ற பயத்தில், அதே எண்ணிக்கையில் எழுத்துகள் உள்ள ஒரு ரகசியப் பெயரை மாதிரி அட்டையில் போட்டார்களாம். அச்சுக்குப் போகும்போது ஒன்றில் எடுக்க மறந்துவிட்டது. அவ்வளவுதான். ரசிகர்களில் பெரும்பாலோர் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மதிக்கிறேன். அவ்வளவு ஆசையாகக் கட்டியதை ஒரே பதிலில் கீழே வைக்கிற மனசு எல்லோருக்கும் வராது.

உன் பாட்டுத் தியரிகளில் எனக்கு மிக நெருக்கமானது நீ போன முறை சொன்ன, கொரிய இசைக்குழு பி.டி.எஸ். பாடிய பாட்டு. ‘ஸ்பிரிங் டே’யை 2017-இல் வெளியிட்டார்கள். வீடியோவில் ஒரு விடுதியின் பெயர்ப்பலகை மின்னுகிறது: ‘ஓமெலாஸ்’. அர்சுலா லெ குவின் 1973-இல் எழுதிய சிறுகதையில் வரும் ஊரின் பெயர் அது. அந்த ஊரில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு விலையாக ஒரு குழந்தை இருட்டறையில் பூட்டிக் கிடக்கிறது. எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்த சிலர் மட்டும் ஊரைவிட்டு நடந்து போய்விடுகிறார்கள்.

ஒரு பாப் பாட்டின் வீடியோவில் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, அதுவரை லெ குவின் பெயரையே கேட்டிராத பிள்ளைகள் அந்தக் கதையைத் தேடிப் படித்தார்கள். நீயும் அப்படித்தான் படித்தாய், பிறகு எனக்கு அனுப்பினாய். படித்தபின் வீடியோவைத் திரும்பப் பார்த்தால் எல்லாமே வேறு மாதிரி தெரிகிறது. மலைபோல் குவிந்த துணிகள். ராட்டினத்தில் கட்டிய மஞ்சள் ரிப்பன்கள். மரத்தில் தொங்கும் காலணிகள். 2014 ஏப்ரல் 16 அன்று தென்கொரியாவில் செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சுற்றுலா கிளம்பிய பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் நினைவின் அடையாளம் மஞ்சள் ரிப்பன். வராதவர்களுக்காகக் காத்திருக்கும் பாட்டு இது என்று ரசிகர்கள் சொன்னார்கள். குழுவின் மூத்தவரான ஜின், 2020-இல் ஒரு பேட்டியில், அது ஒரு சோக நிகழ்வைப் பற்றியது, ஏக்கத்தைப் பற்றியதும்கூட என்றார்.

இந்தத் தியரியைச் சொன்னவர்கள் வீடியோவில் கண்ணுக்குத் தெரிகிற பொருள்களைப் பார்த்தார்கள், ஒரு கதையைப் படித்தார்கள், ஒரு நாட்டின் துக்கத்தைத் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் பாடகர்களின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அதனால்தான் நீ அந்த இன்னொரு தியரியை எழுதியபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்தப் பாடகி யாரைக் காதலிக்கிறாள், யாரை மறைக்கிறாள், எந்தப் புகைப்படத்தில் யார் பக்கம் திரும்பி நிற்கிறாள் என்பதெல்லாம். அதை அடுத்தவர்களுக்கு அனுப்பாதே அம்மு. ஜான் ஸ்னோவின் பிறப்பை நாம் தோண்டினால் அவனுக்கு வலிக்காது. இவளுக்கு அம்மா அப்பா இருக்கிறார்கள், இரவில் தூக்கம் வர வேண்டும். கார்லி சைமன் 1972-இல் பாடிய ‘யூ ஆர் ஸோ வெய்ன்’ யாரைப் பற்றியது என்று உலகமே நாற்பது வருஷத்துக்கு மேல் கேட்டது. 2015-இல், இரண்டாம் சரணம் நடிகர் வாரன் பேட்டியைப் பற்றியது என்று அவரே சொன்னார். எப்போது சொல்ல வேண்டும், எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது அவர் முடிவாக இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

மார்ட்டினின் அடுத்த புத்தகம் வரவே வராதோ என்று வருத்தப்பட்டிருக்கிறாய். ஐந்தாவது 2011-இல் வந்தது, ஆறாவது இன்னும் வரவில்லை. எனக்கும் ஆசைதான். ஆனால் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் வரும் டாம் பாம்படில் யார் என்ற கேள்விக்கு டோல்கீன் பதிலே தரவில்லை. ஒரு புராணக் காலத்திலும் சில புதிர்கள் இருக்கத்தான் வேண்டும், பாம்படில் அப்படி நான் வேண்டுமென்றே வைத்த புதிர் என்று 1954-இல் ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் பாம்படிலைப் பற்றிய தியரிகள் நிற்கவில்லையே.

சரி, இப்போது உன் தியரிக்கு வருகிறேன். ரேகாரின் மகன் ஏகான் என்று சொல்லப்படும் இளம் கிரிஃப் உண்மையில் அவன் மகன் இல்லை, ரேகாரின் டார்கேரியன் குடும்பத்துக்குப் பழைய பகையான பிளாக்ஃபயர் குடும்பத்தின் வாரிசு என்கிறாய். நீ காட்டிய விடுதிப் பலகை பிரமாதம். நான்காம் புத்தகத்தில் செப்டன் மெரிபால்ட் சொல்லும் கதை: கறுப்பு இரும்பு டிராகன் பலகையை ஒரு பிரபு உடைத்து ஆற்றில் போடுகிறார். அதன் தலை ஒன்று பல வருஷம் கழித்துக் கரை ஒதுங்குகிறது, துருவேறிச் சிவப்பாக. கறுப்பு டிராகன் பிளாக்ஃபயர் கொடி, சிவப்பு டார்கேரியன் கொடி. இளம் கிரிஃப் கதைக்குள் வருவது அதற்கு அடுத்த புத்தகத்தில்தான். இதை நான் ஏற்கிறேன்.

ஆனால் எனக்கு அதைவிட வலுவாகப் படுவது நீ ஒரே வரியில் தாண்டிப் போன இஞ்சி மிட்டாய். பெட்டியில் பையனுக்கு இஞ்சி மிட்டாய் வைத்திருக்கிறேன், அவனுக்கு எப்போதும் பிடிக்கும் என்று, பையனைப் பின்னாலிருந்து ஆதரிக்கும் பணக்காரன் இல்லிரியோ சொல்லி அனுப்புகிறான். அப்போது அவன் குரலில் ஒரு வினோதமான சோகம் தெரிவதை, கூட இருக்கும் டிரியன் கவனிக்கிறான். அரசியலுக்காக வளர்த்த பையனுக்கு ஒருவன் அப்படிப் பேச மாட்டான். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது கொடுத்தனுப்பும் அப்பனின் குரல் அது. எனக்கு அது நன்றாகத் தெரியும். இந்த இடத்தை உன் தியரியின் நடுவில் வை, ஓரத்தில் வைக்காதே.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. ஐந்தாம் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் இல்லிரியோவின் கூட்டாளி வேரிஸ், அம்பு பாய்ந்து சாகக் கிடக்கும் கெவன் லானிஸ்டரிடம் பேசுகிறான். ஏகான் செத்துவிட்டானே என்கிறார் கெவன். இல்லை, அவன் இங்கேதான் இருக்கிறான் என்கிறான் வேரிஸ். இன்னும் சில நிமிஷத்தில் சாகப்போகிறவரிடம் பொய் சொல்லி அவனுக்கு என்ன லாபம்? இல்லிரியோ வேரிஸையும் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லப்போகிறாய் என்றால், அதற்குப் புத்தகத்தில் ஓர் இடம் காட்டு. வேரிஸுக்கு எல்லாம் தெரியும், பழக்கத்தில் பொய் சொல்கிறான் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த அத்தியாயத்தை இன்னொரு தடவை படித்துவிட்டு எழுது.

அன்புடன்,
அப்பா