செயலாளர் ஆண்டறிக்கை: இந்த முறை பங்குனியில் வேடந்தாங்கல்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. மழைக்காலத்தில் ஒன்றிரண்டு தள்ளிப்போயின. நூலகத்துக்குப் பறவைக் கையேடுகள் வாங்கினோம். அவற்றில் சில இன்னும் எடுத்தவர்கள் வீட்டில்தான் இருக்கின்றன, தயவுசெய்து திருப்பித் தரவும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி அறிக்கை முழுக்க வேடந்தாங்கல்தான்.

வழக்கமாகப் பொங்கல் விடுமுறையில் போவோம். காணும் பொங்கலன்று ஏரிக்கரையில் பறவையைவிட ஆள்தான் அதிகம். அதனால் இம்முறை பங்குனி முதல் வாரத்துக்கு மாற்றினோம். "சீசன் முடியற நேரத்துல போய் என்னத்தப் பார்க்கறது?" என்று செயற்குழுவிலேயே முணுமுணுப்பு எழுந்தது. வேனும் தாமதமாக வந்து சேர்ந்ததில் முணுமுணுப்பு கொஞ்சம் கூடியது. கரையேறியதும் அடங்கிவிட்டது.

காரணம், குஞ்சுகள். நத்தைகுத்தி நாரையும் கொக்குகளும் ஐப்பசி, கார்த்திகையிலேயே கூடுகட்டத் தொடங்கிவிடும். மஞ்சள் மூக்கு நாரை தை மாதவாக்கில்தான் ஆரம்பிக்கும். ஆகவே பங்குனியில் அதன் குஞ்சுகள் கூட்டில் எழுந்து நிற்கும் பருவம். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கிளைக்குக் கிளை கூடு. உச்சியில் கூழைக்கடாக்கள். காட்சிக் கோபுரத்துக்கு எதிரே இருந்த ஒரு கூட்டைத்தான் நெடுநேரம் பார்த்தோம். வெயில் ஏற ஏற, தாயோ தகப்பனோ தெரியவில்லை, சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இறக்கைகளைப் பந்தல் போல விரித்து நின்றது. கீழே நிழலில் குஞ்சுகள். இன்னொன்று வந்து இறங்கிக் குனிந்து மீனைக் கூட்டின் நடுவே கக்கியது. அவ்வளவுதான், ஒரே தள்ளுமுள்ளு. ஒரு மீன் குச்சிகளுக்கிடையே நழுவித் தண்ணீரில் விழ, குஞ்சுகள் மூன்றும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தன. வளர்ந்த நாரையின் முதுகுப்பக்கம் இருக்கும் இளஞ்சிவப்பு குஞ்சுக்குக் கிடையாது. வெறும் சாம்பல் பழுப்பு. சத்தம் மட்டும் அதற்குத்தான். பெரியவை அலகைத் தட்டுவதோடு சரி.

கூட வந்த பள்ளிப் பிள்ளைகளிடம் ஊரின் கதையைச் சொன்னோம். ஏரி சுமார் 74 ஏக்கர்தான். பட்டாளத்தார் பறவைகளைச் சுட்டதாக ஊர் மக்கள் முறையிட, கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தார். 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது அதற்கெல்லாம் பிந்திய பெருமை. எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அங்குள்ள விவசாயிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. இவ்வளவும் சொல்லி முடிக்கையில் ஒரு கும்பல் கைபேசியில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு கரையில் போனது. போய்ச் சொன்னோம். அணைத்தார்கள், நூறடி தாண்டியதும் மறுபடி ஆரம்பம்.

சாப்பாட்டுக்கு அப்புறம் பக்கத்திலுள்ள கரிக்கிலி பறவைகள் சரணாலயம். அங்கே கூடுகள் பெரிதாக இல்லை, ஆனால் வாத்துகளுக்கு அதுதான் இடம். ஊசிவால் வாத்துகளைக் காணோம், கிளம்பிவிட்டன போலும். நீலச்சிறகி வாத்துகள் மட்டும் கும்பலாக மிதந்தன. ஆண்களுக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது; வடக்கே போய் இனப்பெருக்கம் செய்யும் முன் போட்டுக்கொள்ளும் உடுப்பு அது. மார்கழியில் வந்தால் பல ஆண்கள் பெட்டையைப் போலவே மங்கலாகத்தான் இருக்கும். பவளக்கால் உள்ளான்களும் கரையோரம் நிறைய.

வரும் ஆண்டுக்குச் செயற்குழுவின் கோரிக்கைகள்: பயணம் இனிப் பங்குனியிலேயே இருக்கட்டும், ஆனால் விடிவதற்குள் கிளம்ப வேண்டும், பத்து மணிக்கு மேல் வெயிலில் பிள்ளைகள் வாடிவிட்டார்கள். சங்கத்துக்கு முக்காலியுடன் ஒரு தொலைநோக்கி வாங்க அனுமதி வேண்டும். இருப்பவை கைத்தொலைநோக்கிகள், அவையும் போதவில்லை, வரிசையில் நின்றுதான் பார்க்க வேண்டியிருந்தது. விலை விவரம் பொருளாளரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்