ஆங்கிலப் பட்டத்தில் "அதற்கு மேல் ஒன்றுமில்லை" என்ற வரி பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் கல்விப் பக்கத்தில் மலையக மாணவர்களுக்கு அறிவுரையாக வந்த கட்டுரையில், "பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாகப் படித்தால் ஆங்கில ஆசிரியர் ஆகலாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தீர்கள். பேராதனைக்குத் தெரிவாகி, முதலாம் ஆண்டுக்கான பாடங்களைத் தீர்மானிக்கக் காத்திருக்கும் எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி அந்த வரியின் கீழ் கோடு போட்டு என்னிடம் கொண்டுவந்து, "அக்கா, பேப்பர்லயே போட்டிருக்காங்களே, அப்ப நான் வேற பாடம் எடுக்கவா?" என்று கேட்டாள். தங்கள் இதழை இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாங்கி வாசிப்பவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில், ஆசிரியர் ஆவதைச் சிறிய காரியமாகச் சொன்னதே என்னை வருத்தியது. உயர்தரத்தில் ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுக்க நான் விரும்பியபோது, கற்பிக்க ஆளில்லை என்று என் பாடசாலையில் கையை விரித்துவிட்டார்கள். சனிக்கிழமைதோறும் இருட்டோடு எழுந்து கண்டிக்கு பஸ் ஏறினேன். கொழுந்து குறைந்து, அரைநாள் சம்பளமான 'அரைப்பேர்' மட்டுமே விழுந்த வாரங்களிலும் அம்மா அந்த பஸ் காசை முடிந்து வைத்திருந்தார். என்னோடு படித்தவர்களில் அந்தக் காசு கிடைக்காத கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். எங்கள் பாடசாலைக்கு அன்று ஒரேயொரு ஆங்கிலப் பட்டதாரி வந்திருந்தால் அவர்களுடைய வாழ்க்கையே வேறாக இருந்திருக்கும்.

இனி, "அதற்கு மேல்" என்ன என்பதையும் சொல்கிறேன். பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள் என்று அழைப்பது தாங்கள் அறிந்ததே. அந்த வாள் எங்கள் கையில் இல்லாததால் என்ன நடந்தது என்பதை என் தந்தை ஓய்வுபெற்றபோது கண்டேன். தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேடான செக்ரோலில் அவருடைய பெயர் ஆங்கிலத்தில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் இருந்ததால், முப்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்த மனிதர் தம் சேமலாப நிதிக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். அவருக்கு வந்த கடிதங்களை வாசித்துப் பொருள் சொல்லவும், சத்தியக் கடதாசியையும் மேன்முறையீட்டையும் எழுதவும் என்னால் முடிந்தது, ஒரு வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து வாசிக்கும் பழக்கத்தை ஆங்கிலத் துறை எனக்குத் தந்திருந்ததால்தான். ஓர் ஒப்பந்தத்தில் 'ஷேல்' (shall) என்று இருந்தால் அது கடமை, 'மே' (may) என்று இருந்தால் அது நிர்வாகத்தின் விருப்பம். இந்த ஒரு சொல் வேறுபாட்டை அறியாமல் கைநாட்டு வைத்தவர்கள் எங்கள் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எத்தனை பேர்!

இன்று நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வாழ்கிறேன். 1987 இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. ஆகவே மூன்று மொழிகளுக்கிடையே நடமாடத் தெரிந்தவர்களுக்கு வேலை இல்லாமற்போவதில்லை. என் மேசையே அதற்குச் சாட்சி. உடன் படித்தவர்களில் ஒருத்தி சட்டக் கல்லூரிக்குப் போனாள், ஒருவர் கொழும்பில் பதிப்பாசிரியராக இருக்கிறார், இன்னொருத்தி தேயிலைத் தரகு நிறுவனமொன்றில் சந்தை அறிக்கைகள் எழுதுகிறாள். 1883 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தின் பட்டியல்கள் இன்றும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. தன் தாய் பறித்த கொழுந்தை உலகம் எந்தச் சொற்களால் மதிப்பிடுகிறது என்பதை அவள் அறிவாள். இதையும் தங்கள் கட்டுரையாளர் "ஒன்றுமில்லை" என்பாரா?

தங்கள் கல்விப் பக்கத்தில் மருத்துவமும் பொறியியலும் வாரந்தவறாமல் இடம்பெறுகின்றன. கலைப்பீடம் என்றால் நான்கு வரிதான். இதைப் பற்றி மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய கடிதம் பிரசுரமாகவுமில்லை, அதற்குப் பதிலும் வரவில்லை. ஆங்கிலம் தோட்டத்து மக்களுக்கு அந்நியமானது என்ற தொனியும் அந்தக் கட்டுரையில் இருந்தது. 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை எங்கள் மக்களின் துயரத்தை ஆங்கிலத்தில் எழுதினார் என்பதை ஆசிரியராகிய தாங்கள் அறியாதவரல்லர். அதை அறிந்திருந்தும் அந்த வரியை எப்படி அனுமதித்தீர்கள் என்பதுதான் என் மனத்தாங்கல்.

அந்தப் பிள்ளை பாடத் தெரிவுப் படிவத்தைக் கையளிக்க இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் அதே பக்கத்தில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
தலவாக்கலை.