கால்குலேட்டர் காட்டுறதெல்லாம் விடை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பிளஸ் ஒன் பிசிக்ஸ்ல முதல் பாடத்துலயே முக்கிய எண்ணுருக்கள், அதாவது ஒரு அளவுல உண்மையிலேயே அர்த்தமுள்ள இலக்கங்கள் எத்தனைங்கற விஷயம், வந்துடுது, அத பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டு லேபுக்குள்ள போனதும் பசங்க சுத்தமா மறந்துடுறாங்க. மெல்லிசான கம்பிய அளக்குற திருகு அளவி (ஸ்க்ரூ கேஜ்) 0.01 மி.மீ. வரைக்கும்தான் காட்டும். ஒரு கம்பியோட விட்டம் 0.52 மி.மீ.னு வருதுன்னு வைங்க, குறுக்குவெட்டுப் பரப்பு போட்டா கால்குலேட்டர்ல 0.212371663னு நிக்கும், அத அப்படியே நோட்ல இறக்கிடுறாங்க, திருத்துறவங்களும் டிக் போட்டுடுறாங்க. அதே கம்பிய 0.53னு அளந்திருந்தா பரப்பு 0.22, 0.51னா 0.20, அப்போ ரெண்டாவது இலக்கமே ஆடிக்கிட்டு இருக்கு, அதுக்குப் பின்னாடி வர்ற ஏழு இலக்கத்துக்கு என்ன அர்த்தம் சொல்லுங்க? 0.21னு நிறுத்துறதுதான் நேர்மை. (நடு ஸ்டெப்ல ஒண்ணு ரெண்டு இலக்கம் கூட வச்சுக்கலாம், ரவுண்ட் பண்றது கடைசியில மட்டும்.)

லேபோட முடியுற விஷயமும் இல்ல இது. 19ஆம் நூற்றாண்டுல வுண்டர்லிக்னு ஒரு ஜெர்மன் டாக்டர் உடம்பு வெப்பம் சராசரியா 37 டிகிரி செல்சியஸ்னு சொன்னாரு, அத ஃபாரன்ஹீட்டுக்கு மாத்தினதும் 98.6 ஆயிடுச்சு, ரெண்டு இலக்கம் மூணாச்சு. இன்னைக்கும் தெர்மாமீட்டர்ல 99 வந்தாலே பதறுற வீடுங்க எத்தனையோ.

செய்முறைத் தேர்வுல விடைய சரியான இலக்கத்தோட நிறுத்துறதுக்குன்னு தனியா ஒரு மார்க் வைக்கணும், அளவுக்கு மீறி எழுதினா அந்த மார்க்க குறைக்கணும்னு கல்வித்துறைய உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு இயற்பியல் ஆசிரியர்